சானல் கரையில வண்டிய விட்டுப் பாருங்க: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழ்ல சும்மா நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஒத்தைக்கு பைக்க எடுத்துட்டு தோவாளையில இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், சுருளகோடுன்னு பெரிய ரோட்ட அவ்வளவா தொடாமலே திருவட்டார் போய் சேந்த கதை. அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் பாத்தா ஊருல பாதி பேரு சாவிய கையில வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க போல. அதனால சொத்து தகராறு, மாமியார் தகராறு கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சாச்சு, இந்த தடவ வண்டி மட்டும்.

அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல ஐடி கம்பெனி வேல, வீடு தக்கலை பக்கம். அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர் சும்மா நிக்குது. எனக்கு ஞாயிறு ஒரு நாள் தான் லீவு. கூட வர யாரும் இல்ல, யாரும் வேண்டாம்னு தான் நெனைக்கிறேன். ஒரு ரூட்டு சொல்லுங்க. கன்னியாகுமரி கண்ணாடி பாலம், சன்செட் எல்லாம் பாத்தாச்சு, அது வேண்டாம்.
*வாசகர், தக்கலை*

தம்பி, ரூட்ட நான் சொல்றத விட தண்ணிகிட்ட கேளுங்க, அது நல்லா சொல்லும். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மொத்தமே 1,672 சதுர கிலோமீட்டர், மலையில பொறக்குற ஆறு கடல்ல போய் விழுற வரைக்கும் கூடவே போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். எல்லா ஊருலயும் இது முடியாது.

காலைல அஞ்சு மணிக்கு கெளம்புங்க. குலசேகரத்துலயே டேங்க நெறப்பிக்கோங்க, மேல போய் பங்க் தேடிக்கிட்டு நிக்காதீங்க. அங்க இருந்து பேச்சிப்பாறை. அணை 1906ல முடிஞ்சது, திருவிதாங்கூர் ராஜா காலத்துல மிஞ்சின்னு ஒரு வெள்ளக்கார இஞ்சினியர் கட்டினது, அவரு கல்லறையும் அங்கேயே தான் இருக்கு. கட்டின அணைக்கு பக்கத்துலயே படுத்துக்கிட்டாரு மனுசன். விடிஞ்சும் விடியாத நேரம் தண்ணி மேல பஞ்சு மாதிரி பனி கெடக்கும், ஒரு பத்து நிமிசம் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம்.

பெறவு கோதையாறு எறங்குற பக்கமா எறங்குங்க. திற்பரப்புக்கு ஏழு மணிக்குள்ள போயிரணும், ஒன்பது மணிக்கு மேல டூரிஸ்ட் வேன் வந்து நின்னா அருவிய விட்டுட்டு ஆளுங்க முதுகத்தான் பாக்கணும். அடுத்து திருவட்டார். ஆதிகேசவ பெருமாள் 22 அடி நீளத்துக்கு படுத்திருக்காரு, ஒரு வாசல்ல பாத்தா முகம், ஒரு வாசல்ல பாத்தா பாதம், முழுசா ஒரே பார்வையில பாக்க முடியாது. 400 வருசத்துக்கு மேல நடக்காம கெடந்த கும்பாபிஷேகம் 2022 ஜூலையில தான் நடந்துச்சு. கோயில சுத்தி ஆறு வட்டம் போட்டு ஓடுறதால தான் அந்த பேரே.

அங்க இருந்து மாத்தூர் கூப்பிடு தூரம். தொட்டிப்பாலத்த எல்லாரும் போட்டோல பாத்திருப்பாங்க, 28 தூணு, 115 அடி ஒயரம், 1966ல கட்டினதுன்னு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா நான் சொல்றது வேற. மேல ஏறி நடுப்பாலத்துக்கு வந்ததும் நடக்குறத நிறுத்துங்க. பக்கத்துல தொட்டியில பட்டணங்கால் சானல் தண்ணி ஒரு சத்தமும் இல்லாம போயிட்டிருக்கும், எட்டி கீழ பாத்தா பறளியாறு பாறைக்கு நடுவுல போயிட்டிருக்கும். ஒரு தண்ணிக்கு மேல இன்னொரு தண்ணி குறுக்க போகுது! கைய தொட்டி சுவர்ல வச்சிப் பாருங்க, வெயில் நேரத்துலயும் சில்லுன்னு இருக்கும். நான் எத்தன தடவ போயிருப்பேன்னு கணக்கில்ல, இன்னைக்கும் அந்த எடத்துல காலு கூசும்.

அந்த பறளியாறும் நீங்க காலைல பாத்த கோதையாறும் கொஞ்சம் கீழ மூவாற்றுமுகத்துல சேந்துரும். சேந்த ஆறு தான் குழித்துறையாறு. தாமிரபரணின்னும் சொல்லுவாங்க, திருநெல்வேலிக்காரங்க சண்டைக்கு வர வேண்டாம், இது வேற அது வேற. திக்குறிச்சி, குழித்துறை, முஞ்சிறைன்னு ஆத்த விடாம போனா தேங்காபட்டணத்துல கடல்ல கொண்டு விடும். பொழிமுகத்துல ஆத்து தண்ணியும் கடல் தண்ணியும் மோதுற எடத்துல ஒரு கோடு மாதிரி தெரியும் பாருங்க, பேச்சிப்பாறையில பனிக்கு அடியில கெடந்த தண்ணி தான் அது.

வழி தெரியலன்னா "ஆத்துக்கு எந்த பக்கம்"னு கேளுங்க. உடனே பதில் வராது. "எந்த வீட்டுக்கு?"ம்பாங்க. வீட்டுக்கு இல்ல, சும்மா தான்னு சொன்னா நம்ப மாட்டாங்க, ஒத்தைக்கு சட்ட இஸ்திரி போட்டு வந்த பையன் பொண்ணு வீட்ட விசாரிக்க வந்திருக்கான்னு முடிவே பண்ணிருவாங்க. கண்டுக்காதீங்க.

என் வயசு 41, பள்ளிக்கூடத்துல வேல, ஸ்கூட்டி இருக்கு. எனக்கும் இப்படி தனியா போகணும்னு ரொம்ப ஆச அண்ணாச்சி. ஆனா வீட்டுல "ஒத்தைக்கு எங்க போற, எதுக்கு போற"ன்னு கேட்டா சொல்ல ஒரு காரணம் இல்ல. என்ன சொல்லட்டும்?
*வாசகி, கருங்கல்*

டீச்சர், பொய் சொல்ல வேண்டாம், மீன் வாங்கிட்டு வாங்க. கேலிக்கு சொல்லல. காலைல ஆறு மணிக்கு கெளம்பி பைய வளைஞ்சு வளைஞ்சு குளச்சலுக்கோ தேங்காபட்டணத்துக்கோ போங்க, கரையில அரமணி நேரம் நில்லுங்க, ஒரு கவர்ல சாள மீன் வாங்கி ஸ்கூட்டி ஹூக்குல மாட்டிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வாங்க. கையில மீனோட வர்ற பொம்பளைய இந்த மாவட்டத்துல எவனும் எங்க போனன்னு கேக்க மாட்டான், என்ன வெலன்னு தான் கேப்பான்! நாலு வாரம் போனா அஞ்சாவது வாரம் "இன்னைக்கு போகலியா"ன்னு அவங்களே கேப்பாங்க.

ஆனா ஒண்ணு, காரணம் கேக்குறவங்களுக்கு எப்பவும் காரணம் குடுத்துக்கிட்டே இருக்கணும்னு இல்ல. எங்க வீட்டுல நான் கெளம்பும்போது யாரும் கேக்குறதில்ல, அது நான் ஆம்பளங்குறதால மட்டும் தான்னு எனக்கு தெரியும். அத ஒத்துக்கிட்டு தான் இந்த பதில எழுதுறேன்.

மத்தபடி நடைமுறைக்கு: மொதல்ல கடலோர ரோடும் ஊரடர்ந்த ரோடும் போங்க, அர கிலோமீட்டருக்கு ஒரு வீடு, ஒரு குருசடி, ஒரு சாயா கட இருக்கும். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டு ரோடெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சு பாத்துக்கலாம். போனுல லைவ் லொக்கேஷன் யாராவது ஒரு ஆளுக்கு மட்டும் போட்டு விடுங்க, தங்கச்சியோ கூட வேல பாக்குறவங்களோ, வீட்டுக்காரருக்கு தான் போடணும்னு சட்டமில்ல. கடலோர ரோட்டுல ரெண்டு விசயம் கவனிக்கணும். வளைவுல காத்து கொண்டு வந்து கொட்டின மணலு, பெறவு மீன் வண்டியில இருந்து ஒழுகுற தண்ணி. அந்த தண்ணி எண்ணெய் மாதிரி, வண்டி சாஞ்சிருக்கும்போது பிரேக்க தொட்டீங்கன்னா சறுக்கிரும், முன்னாடியே ஸ்பீட கொறச்சுட்டு வளைங்க.

கூகுள் மேப்ப நம்பி போனேன், ஒரு வீட்டு மாட்டுத்தொழுவத்துல கொண்டு போய் விட்டுச்சு.
*வாசகர், அருமனை*

மாடு என்ன சொல்லிச்சு?

நம்ம ஊருல ரெண்டு வெளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவுல போற எடவழி எல்லாம் மேப்புல ரோடு மாதிரியே தெரியும், அதுல பாதி ஒருத்தர் வீட்டு முற்றத்துல முடியும். பஸ் போற ரோடா, டெம்போ போற ரோடா, ஆளு மட்டும் போற வழியான்னு ஜங்ஷன்ல கேட்டுட்டு போங்க. ஜங்ஷனுக்கு இங்க பஞ்சமா? நாலு கட இருந்தாலே ஜங்ஷன் தான்.

எந்த மாசம் போகலாம்? நான் மதுரை. ஜூலைல ஒரு தடவ வந்தேன், ஆரல்வாய்மொழி கிட்ட காத்து வண்டியோட என்னைய தள்ளிட்டு போயிருச்சு.
*வாசகர், மதுரை*

தள்ளத்தான் செய்யும். அங்க மல ரெண்டா பிரிஞ்சு நடுவுல ஒரு கணவாய், தென்மேற்கு பருவக்காத்து மொத்தமும் அந்த ஓட்ட வழியா புகுந்து வர்றதால தான் முப்பந்தல்ல கரண்டு எடுக்க அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. உங்க வண்டிக்காக காத்து நிக்குமா! மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த துண்டு ரோட்டுல நாப்பதுக்கு மேல போகாதீங்க. லாரி பக்கத்துல வரும்போது காத்து சட்டுனு நின்னு போகும், லாரி தாண்டினதும் மறுபடி அடிக்கும், அந்த அடிக்கு தான் ஆளு விழுறது. ஹேண்டில இறுக்கி பிடிச்சா இன்னும் ஆடும், தோள தளத்தி முட்டிய டேங்கோட சேத்து வச்சிக்கோங்க.

மழ கணக்க சொல்றேன். நமக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்ல இடவப்பாதி, அதாவது தென்மேற்கு பருவமழ, அது விடாம நசநசன்னு பேயும், வண்டி ஓட்ட பெருசா பயமில்ல. துலா மாசம், அதாவது அக்டோபர் நவம்பர், காலைல பளிச்சுன்னு இருக்கும், மூணு மணிக்கு மேல இடியோட ஊத்தும், மத்தியானத்துக்குள்ள வீடு சேந்துரணும். அந்த சமயம் கெளம்புறதுக்கு முன்ன பேப்பர்ல அணை நீர்மட்டம் பாருங்க. பேச்சிப்பாறை மொத்தம் 48 அடி, 42 தாண்டிருச்சுன்னா வெள்ள எச்சரிக்கை விட்டுருவாங்க, திற்பரப்புல குளிக்க விட மாட்டாங்க, ஆத்தோரம் போறதும் புத்தி இல்ல.

எனக்கு பிடிச்சது டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி. ரப்பர் எல பழுத்து செவந்து கொட்டும், எப்பவும் இருட்டா கெடக்குற தோட்டத்துக்குள்ள திடீர்னு வெயில் வரும். பெறவு கொழுந்து விடும்போது செம்பு கலர்ல மினுங்கும், அந்த கொழுந்துல ஊறுற தேனுக்காக தோட்டம் பூரா தேன்பெட்டி வச்சிருப்பாங்க. வண்டிய அந்த பெட்டி பக்கத்துல ஓரங்கட்டிட்டு போன் பேசாதீங்க. ஏன்னு கேக்காதீங்க.

பெட்ரோல் விக்கிற வெலைக்கு இது தேவையா?
*வாசகர், நாகர்கோவில்*

எங்க வீட்டுக்காரி கேக்குற அதே கேள்வி, எழுத்து கூட அவ எழுத்து மாதிரி தான் இருக்கு. நூறு சிசி வண்டி, நாப்பதுல போனா லிட்டருக்கு அறுவது தரும். நூத்தி இருவது கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டர். மேக்கொண்டு ரெண்டு சாயா, ஒரு பழம்பொரி.

தனியா போய் எங்கயாவது மாட்டியிருக்கீங்களா? உண்மைய சொல்லுங்க.
*வாசகர், குலசேகரம்*

உங்க ஊரு பக்கம் தான். பேச்சிப்பாறைக்கு போற வழியில ஒரு ரப்பர் தோட்டத்து ரோடு, விடியக்காலம் மணி அஞ்சரை, இருட்டு. பின் டயர்ல காத்து எறங்கிருச்சு. அதுக்கு மொத நாள் தான் ஒரு கடையில கொண்டு போய் டியூப் மாத்த காசு குடுத்தேன், கழட்டி பாத்தா பழைய டியூப்லயே ஒட்டு போட்டு வச்சிருக்கான். போனுல ஒரு புள்ளி கூட டவர் இல்ல. நெத்தியில லைட் கட்டிக்கிட்டு ஒரு அண்ணனும் அவரு வீட்டுக்காரியும் பால் வெட்டிட்டு இருந்தாங்க. "மக்கா, கட எட்டு மணிக்கு தான் தொறப்பான், அதுவர இப்பிடி இரி"ன்னாங்க.

இருந்தேன். இத்தன வருசம் ரப்பருக்கு நடுவுல வாழ்ந்துருக்கேன், பால் வெட்டுறத நின்னு பாத்தது அன்னைக்கு தான். மொதல்ல முந்தின வெட்டுல காஞ்சு கெடக்குற ஒட்டுப்பால நூல உரிக்கிற மாதிரி ஒரே இழுப்புல உரிச்சு கூடையில போட்டுக்கிறாரு. பெறவு கத்திய சரிவா வச்சு பட்டைய சீவுறாரு, சீவுன துண்டு காயிதம் கனம் கூட இருக்காது. ஆழமா போனா மரம் காயமாயிரும், மேலாப்புல போனா பால் வராது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அது கைக்கு தான் தெரியும்னாரு. சீவி முடிச்ச ஒடனே வெள்ளையா புள்ளி புள்ளியா வேர்க்கும், புள்ளி எல்லாம் சேந்து கோடாகி, சரிவுல எறங்கி, தகரத்து வழியா சிரட்டையில சொட்டும். ஒரு மரத்துக்கு கால் நிமிசம் கூட ஆகல, அடுத்த மரம். வெயில் ஏறுனா பால் ஓட்டம் கொறஞ்சிரும், அதனால தான் இருட்டுல எந்திரிக்கிறாங்க. நான் வெளிச்சம் வந்ததும் சுத்தி பாத்தேன், கண்ணுக்கு எட்டுற மட்டும் சிரட்டை சிரட்டையா வெள்ளையா நெறஞ்சுட்டு இருக்கு, தோட்டம் பூரா டொக்கு டொக்குன்னு மெதுவா ஒரு சத்தம்.

அந்தக்கா வீட்டுக்கு கூட்டிட்டு போய் கட்டஞ்சாயா குடுத்தாங்க, மரச்சீனி கெழங்கு அவிச்சதும் மொளகு சம்பந்தியும், அதான் தொவையல், குடுத்தாங்க. எட்டேகாலுக்கு பஞ்சர் கடக்காரன் வந்தான். சொன்னா நம்புங்க, வரலன்னாலும் எனக்கு வருத்தமில்ல.

அதுக்கு பெறவு பழக்கம் ஒண்ணு: டியூப் வண்டின்னா புது டியூப் ஒண்ணு சீட்டுக்கு அடியில கெடக்கும். டியூப்லெஸ்ஸுக்கு விக்கிற குச்சி கிட்டு டியூப் டயருக்கு ஒதவாது, நெறய பேரு அத வாங்கி வச்சிட்டு தைரியமா போறாங்க. இன்னொண்ணு கிளட்ச் கேபிள். புதுசு ஒண்ண வாங்கி பழைய கேபிளோட கூடவே ஓட விட்டு கட்டி வச்சிருங்க, அறுந்தா ரெண்டு முனைய மட்டும் மாத்தி மாட்டுனா போதும். சில்லற நோட்டு வச்சிக்கோங்க, டவர் இல்லாத எடத்துல ஜிபே பண்ண முடியாது.

வயசு 63, ரிட்டயர் ஆயாச்சு. பைக் இல்ல, சைக்கிள் தான். மல ஏற முடியாது. எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லியா?
*வாசகர், வடசேரி*

சார், உங்களுக்கு தான் நல்ல எடமே. நாஞ்சில் நாடு தட்டு மாதிரி சமம், சைக்கிளுக்கு செஞ்சு வச்ச ஊரு. தேரூர் குளத்துக்கு போங்க, அங்க இருந்து சுசீந்திரம், அப்படியே பழையாறு போற பக்கமா மணக்குடி. சுசீந்திரம் தேரூர் குளத்த 2022ல ராம்சர் லிஸ்ட்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல, சேத்திருக்காங்க, குளிர் மாசத்துல கூழக்கடாவும் நாரையும் கூட்டமா நிக்கும், பைக்காரன் சத்தம் கேட்டா பறந்துரும், சைக்கிள கண்டா கண்டுக்காது. மணக்குடியில 2004 சுனாமி பழைய பாலத்த தூக்கிட்டு போச்சு, புது பாலத்து மேல நின்னா ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடலு.

காத்து கணக்கு ஒண்ணு இருக்கு. விடியக்காலம் காத்து கரையில இருந்து கடலுக்கு லேசா போகும், பத்து பதினோரு மணிக்கு மேல கடல்ல இருந்து கரைக்கு திரும்பும். அதனால காலைல கடல பாத்து மிதிங்க, பதினோரு மணிக்கு திரும்புங்க, காத்து முதுக தள்ளிக்கிட்டே வந்து விட்டுரும். பருவக்காத்து மாசத்துல இந்த கணக்கு சரி வராது, மத்த நாளுல பலிக்கும்.

அறுவடை நேரம் மட்டும் பாத்து போங்க, கன்னிப்பூ, கும்பப்பூன்னு நெல்லு ரெண்டு போகம், ஒவ்வொண்ணும் முடியும்போது ரோட்டுல வைக்கோல் விரிச்சு போட்டிருப்பாங்க. செயின்ல சுத்திக்கும், எறங்கி தள்ளிட்டு போறது தான் நல்லது.

சிவாலய ஓட்டம் போற பன்னெண்டு கோயிலயும் சாதாரண நாள்ல பைக்ல ஒரே நாள்ல சுத்தலாமா?
*வாசகர், புதுக்கடை*

சுத்தலாம், முஞ்சிறை திருமலையில ஆரம்பிச்சு திருநட்டாலத்துல முடிக்க நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும். சிவராத்திரிக்கு "கோபாலா கோவிந்தா"ன்னு விசிறியோட ஓடுறவங்க பாதை தான் இது, நடந்தும் ஓடியும் உண்டான பாதைங்குறதால மெயின் ரோட்ட விட உள்ரோடு தான் அதிகம். ஆனா மத்தியானம் நட சாத்திருவாங்க, காலைல ஆறு கோயில், சாயங்காலம் ஆறுன்னு வச்சிக்கோங்க. நடுவுல திருநந்திக்கரையில பாறையில குடைஞ்ச கோயிலையும் பாத்துருங்க, நெறய பேரு பக்கத்து சிவன் கோயிலோட திரும்பிருவாங்க. வெயில் நேரத்துக்கு பொன்மனை பக்கம் எங்கயாவது நெழல்ல வண்டிய போட்டுட்டு மட்டிப்பழம் தின்னுட்டு படுங்க. முழு சீப்பா வாங்காதீங்க, அர சீப்பு போதும், பையில நசுங்கிரும்.

கேரளா பக்கம் போற பெரிய டாரஸ் லாரிக்கு பயந்தே நான் பைக்க எடுக்கிறதில்ல.
*வாசகி, களியக்காவிளை*

பயம் நியாயம் தான்மா, எனக்கும் உண்டு. கல்லும் மணலும் ஏத்திட்டு வர்ற டாரஸ் பின்னாடி ஒட்டி போகாதீங்க, மேல இருந்து ஜல்லி தெறிக்கும். ஓவர்டேக் பண்ணவும் வேண்டாம். ஓரங்கட்டி நிறுத்திட்டு அது போகட்டும்னு விட்டுருங்க, நமக்கு என்ன அவசரம். அப்படி நிறுத்துன எடத்துல தான் ஒரு தடவ எனக்கு அக்கானி, அதான் பதனி, விக்கிற பாட்டி கெடச்சா, பனையோலய பட்டையா மடிச்சு அதுல ஊத்தி குடுத்தா. ரெண்டாவது பட்ட கேட்டேன், "பேரனுக்கு வச்சிருக்கேன், போ லே"ன்னு வெரட்டி விட்டுட்டா.